"எங்களுக்கு அதெல்லாம் வராது!"

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த நேரத்தில் ஒரு பட்டிமன்றம் வைப்பதாகத்தான் முதலில் ஏற்பாடு. "இரக்க குணம் மிகுந்தவர்கள் ஆண்களா? பெண்களா?" என்று தலைப்புகூடப் போட்டாகிவிட்டது. நடுவராக வரவேண்டியவருக்கு வர முடியவில்லை. செயலாளர் எனக்குப் போன் போட்டு, "தம்பி, நீ இந்த மூளை விஷயமெல்லாம் ஏதோ படிச்சிக்கிட்டே இருக்கியாமே, ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். அதனால் நடுவருக்குப் போட வேண்டிய சால்வை எனக்கு விழுந்தது.

பட்டிமன்றத்தில் ஒரு வசதி உண்டு. நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் கைதட்டல் கிடைக்கும். நான் பேசப்போகும் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கன்ட்ரோல் ரூமில் இன்ஸ்ட்ருமென்ட் பார்க்கிற ஆள். ஒரு மீட்டர் என்ன காட்டுகிறது, அது காட்டுவது உண்மைதானா, அதை நம்பி வால்வைத் திறக்கலாமா என்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சை நம்ம ஏரியாவிலேயே தொடங்கலாம். பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்கள் எல்லாருக்கும் தெரியும். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பிறந்ததே அங்கேதான் இருக்கும். நம் பாட்டிமார்கள் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். 1782 வாக்கில் பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்த இடம் அது. 1938ல் மருத்துவக் கல்லூரி ஆனது. அங்கே எம்.பி.பி.எஸ். படித்தவர்தான் வி.எஸ்.ராமச்சந்திரன். 1951ல் பிறந்தவர். ஸ்டான்லியில் இருந்து கேம்பிரிட்ஜ் போய், பிறகு அமெரிக்காவில் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சியாளராக உலகப் புகழ் பெற்றார்.

அவர் பெயரைச் சொன்னதும் பலருக்குக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வரும். கை வெட்டுப்பட்டுப் போனவருக்கு, இல்லாத அந்தக் கையில் வலி இருந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினால் சிலருக்கு வலி குறைகிறது என்று 1990களில் அவர் காட்டினார். பிரஸ் மிஷினில் கை கொடுத்தவர்கள் நிறைந்த வடசென்னைக்கு இந்த விஷயம் அந்நியமானது அல்ல. கை அறுவை சிகிச்சைக்கென்று ஸ்டான்லியிலேயே டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1970களில் வளர்த்த பிரிவு நாடெங்கும் பெயர் பெற்றது. ஆனால் இன்றைக்கு நான் பேச வந்த கண்ணாடி வேறு. இது மூளைக்குள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிற கண்ணாடி.

இத்தாலியில் பார்மா என்று ஒரு ஊர். அங்கே ரிசோலாட்டி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் குரங்கின் மூளையில் கை அசைவுக்குக் கட்டளை கொடுக்கும் பகுதியில் மிக மெல்லிய மின்கம்பியை வைத்து, ஒவ்வொரு நரம்பணுவாக அளந்துகொண்டிருந்தார்கள். குரங்கு தீனியை எடுக்கக் கையை நீட்டினால் குறிப்பிட்ட நியூரான் துடிக்கும். அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது என்னவென்றால், எதிரில் நிற்கும் மனிதர் தீனியை எடுக்கும்போதும், குரங்கு சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அதே நியூரான்களில் சில துடித்தன. 1992ல் இதை வெளியிட்டார்கள். 1996ல் "மிர்ரர் நியூரான்" என்ற பெயர் வந்தது. நாம் கண்ணாடி நியூரான் என்று வைத்துக்கொள்வோம்.

குரங்கு விஷயம் இவ்வளவுதான். இதை எடுத்து உயரத்தில் வைத்தவர் நம்ம ராமச்சந்திரன். உயிரியலுக்கு டி.என்.ஏ. எப்படியோ, மனோதத்துவத்துக்குக் கண்ணாடி நியூரான் அப்படி அமையும் என்று 2000ல் எழுதினார். 2009ல் மைசூரில் நடந்த ஒரு கருத்தரங்கில், இவற்றுக்குக் காந்தி நியூரான் என்று செல்லப் பெயரும் வைத்தார். எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரை இந்த நியூரான்கள் கரைத்துவிடுகின்றன என்பது அவர் கருத்து. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஸ்டான்லியில் படித்த ஒருவர் இதைச் சொன்னார் என்பதில் ராயபுரத்துக்காரனாகிய எனக்குப் பெருமைதான். ஆனால் பெருமை வேறு, ரீடிங் வேறு.

ரீடிங் என்ன சொல்கிறது? குரங்கிடம் ஒவ்வொரு நியூரானாக அளந்தார்கள். மனிதர்களிடம் அப்படி அளக்க மண்டையைத் திறக்க வேண்டும். வலிப்பு நோய்க்கு ஆபரேஷன் செய்வதற்காக ஏற்கெனவே மின்கம்பி வைக்கப்பட்ட 21 நோயாளிகளிடம் லாஸ் ஏஞ்சலிஸில் அளந்து 2010ல் வெளியிட்டார்கள். மற்றபடி மனிதர்களைப் பற்றி வந்திருக்கும் பெரும்பாலான செய்திகள், ஸ்கேன் எடுத்தோ, தலைமேல் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பார்த்தோ ஊகித்தவை. ஸ்கேனில் தெரியும் ஒரு சின்னப் புள்ளிக்குள்ளேயே லட்சக்கணக்கான நியூரான்கள் இருக்கின்றன. சப்ஸ்டேஷனில் நின்றுகொண்டு ஃபீடர் மீட்டரைப் பார்த்து, "தண்டையார்பேட்டையில் இன்ன தெருவில் இன்னார் வீட்டில் மிக்சி ஓடுது" என்று சொல்ல முடியுமா? லோடு ஏறியது தெரியும், அவ்வளவுதான்.

அதோடு, கை நீட்டுவதைப் பார்த்துத் துடிக்கிற நியூரான் ஒன்று இருக்கிறது என்பதற்கும், அடுத்தவன் துக்கத்தைப் பார்த்து நெஞ்சு கரைகிறது என்பதற்கும் நடுவில் பெரிய தூரம். 2004ல் டானியா சிங்கர் என்ற ஆராய்ச்சியாளர் லண்டனில் 16 ஜோடிகளை வைத்துச் சோதித்தார். கணவனுக்கோ காதலனுக்கோ கையில் லேசாக ஷாக் கொடுக்கும்போது, ஸ்கேனருக்குள் இருக்கும் பெண்ணின் மூளையில் எது இயங்குகிறது என்று பார்த்தார். தனக்கே வலிக்கும்போது இயங்கும் பகுதிகளில் சில அப்போதும் இயங்கின. அந்தப் பகுதிகள் பார்மாக்காரர்கள் கண்ணாடி நியூரானைக் கண்ட பகுதி இல்லை, வேறு இடம். கண்ணாடி நியூரானை வைத்து எல்லாவற்றையும் விளக்குவது சரியில்லை என்று கிரிகரி ஹிக்காக் என்பவர் 2014ல் முழுப் புத்தகமே எழுதிவிட்டார். ஆட்டிசம் குழந்தைகளுக்குக் கண்ணாடி நியூரான் பழுது என்று ராமச்சந்திரனும் மற்றவர்களும் சொன்ன கருத்தும் பிற்காலச் சோதனைகளில் நிற்கவில்லை.

சரி, இதையெல்லாம் நம்ம சந்திப்பில் ஏன் பேச வேண்டும்? சொல்கிறேன்.

நம்மோடு படித்த ஒரு தோழி. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மணலிக்கும் எண்ணூருக்கும் இடையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பிராசஸ் இன்ஜினியர். தொழிற்சாலையின் பெயரும் வேண்டாம். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் அங்கே ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி விபத்தில் இறந்துபோனார். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லார் கண்ணும் இந்தப் பெண் பக்கம் திரும்பியது. "மேடம், நீங்க போனா நல்லா இருக்கும். லேடீஸுக்குத்தான் அந்த மனசு உண்டு. எங்களுக்கு அதெல்லாம் வராது." அப்போது அவருக்கு வயது 24. கல்யாணம்கூட ஆகவில்லை. இறந்தவரை அவர் பார்த்ததே கிடையாது.

போனார். அதற்குப் பிறகு அது அவருடைய வேலையாகவே ஆகிவிட்டது. ஆறு வருஷத்தில் நாலு வீடு. அது தவிர, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்கப் போவது, ரிட்டையர் ஆகிறவர் அழுதால் பக்கத்தில் உட்காருவது, சண்டை போட்டுக்கொண்ட இரண்டு ஆபரேட்டர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் அவர் தலையில். வருஷக் கடைசியில் அப்ரைசல் எழுதும்போது இதில் ஒரு வரிகூட ஏறாது. "மேடத்துக்கு டெக்னிகல் எக்ஸ்போஷர் கொஞ்சம் கம்மி" என்பது மட்டும் ஏறும். எப்படிக் கம்மியாகாமல் இருக்கும்? ஷட்டவுன் நடக்கும்போது இவர் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வெளியில் இருந்து ஒரு பயிற்சியாளர் வந்து வகுப்பு எடுத்தாராம். திரையில் இரண்டு மூளைப் படம். ஒன்று நீலம், ஒன்று ரோஸ் கலர். "பெண்கள் மூளையில் மிர்ரர் நியூரான் அதிகம். அதனால்தான் அவர்களுக்கு எம்பதி அதிகம். இது சயின்ஸ்" என்றாராம். அறையில் இருந்த ஆண்கள் எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள் என்று தோழி சொன்னார். நிம்மதி இருக்காதா? எங்களுக்கு அதெல்லாம் வராது என்பதற்கு விஞ்ஞானமே சர்டிபிகேட் கொடுத்துவிட்டதே!

அவர் அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து, "இது உண்மையாடா?" என்று கேட்டார். அதற்காகத்தான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தத் திரைப்படத்துக்குப் பதில். உயிரோடு இருக்கும் ஆண்கள் மூளையில் இத்தனை, பெண்கள் மூளையில் இத்தனை என்று கண்ணாடி நியூரானை எண்ணியவர் உலகத்தில் யாரும் இல்லை. நான் சொன்ன அந்த 21 பேரைப் போல மின்கம்பி வைக்கப்பட்ட சிலரைத் தவிர நேரடியாக அளப்பதற்கே வழி இல்லாதபோது எண்ணுவது எங்கே? தைவானில் 2008ல் வந்த ஒரு ஆராய்ச்சி உண்டு. மற்றவர் கை அசைவதைப் பார்க்கும்போது தலையின் நடுப்பகுதியில் ஒரு அலை அடங்கும். அது பெண்களிடம் கொஞ்சம் கூடுதலாக அடங்கியது என்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்த அலை, கவனம் கூடினாலும் குறைந்தாலும் மாறக்கூடியது. ஒரே டிரான்ஸ்மிட்டரில் இரண்டு சிக்னல் கலந்து வந்தால் நாம் அதை நம்பி வால்வைத் திறப்போமா?

அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லையா என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. வித்தியாசம் எவ்வளவு என்பது, எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

1983ல் நான்சி ஐசன்பர்க், ராண்டி லெனன் என்ற இரண்டு பேர் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். "மற்றவர் அழுதால் உங்களுக்கு அழுகை வருமா?" என்ற மாதிரிக் கேள்வித்தாள் கொடுத்து, அவர்களையே பதில் எழுதச் சொன்னால், பெண்கள் பக்கம் மதிப்பெண் நல்ல உயரத்தில் நின்றது. ஆனால் இதயத் துடிப்பு, தோலின் வேர்வை இப்படி உடம்பை அளந்தபோதும், ஆளுக்குத் தெரியாமல் முகத்தைக் கவனித்தபோதும் அந்த வித்தியாசம் ஏறக்குறையக் காணாமல் போனது.

நம்ம தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. லாக் ஷீட் ஒன்று, கேஜ் ஒன்று. ஆபரேட்டர் கையால் எழுதும் லாக் ஷீட்டில், ரீடிங் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டு மணி நேரத்து ரீடிங்கை எழுதிவிட்டுப் போகிற புண்ணியவான்களை நாம் பார்த்ததில்லையா? கேள்வித்தாள் என்பது லாக் ஷீட். பெண் என்றால் இளகிய மனசு இருக்க வேண்டும், ஆம்பளை என்றால் அழக் கூடாது என்று சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள், எழுதச் சொன்னால் அதைத்தான் எழுதுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தன்னைப் பற்றித் தானே நம்புவதை எழுதுகிறார்கள்.

2018ல் இங்கிலாந்தில் 5 லட்சம் பேருக்கு மேல் ஒரு கேள்வித்தாளை நிரப்பினார்கள். சைமன் பாரன் கோஹன் குழுவினர் செய்தது. அதிலும் பெண்கள் சராசரி கூடத்தான். எண்ணிக்கை பெரிசு என்பதால் லாக் ஷீட் கேஜ் ஆகிவிடாது. அதே குழுவினர் இன்னொரு வகையிலும் சோதித்தார்கள். முகத்தில் கண் பகுதியை மட்டும் போட்டோவில் காட்டி, அந்த ஆள் மனசில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை. இது சொந்த அபிப்பிராயம் இல்லை, பரீட்சை. 57 நாடுகளில் சுமார் 3 லட்சம் பேர். 2022ல் முடிவு வந்தது. 36 நாடுகளில் பெண்கள் சராசரி கூடுதல், 21 நாடுகளில் வித்தியாசம் இல்லை. ஆண்கள் கூடுதல் என்று ஒரு நாடும் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கம் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் சராசரி என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்த சார் முன்வரிசையில் இருக்கிறார், தப்பாகச் சொன்னால் எழுந்துவிடுவார். இரண்டு மணி வடிவக் கோடுகள். இரண்டின் சராசரிக்கும் இடைவெளி திட்ட விலக்கத்தில் 0.3 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணையும் ஒரு ஆணையும் எடுத்தால், 100 தடவையில் 58 தடவை பெண் கூடுதலாக இருப்பார். மீதி 42 தடவை ஆண். இதை வைத்துக்கொண்டு ஒரு டிபார்ட்மென்டில் இருக்கும் 30 ஆண்களை விட்டுவிட்டு, ஒரே ஒரு பெண்ணைக் கூப்பிட்டு "நீங்க போங்க" என்று சொல்வது எந்தக் கணக்கு?

ஹார்மோன் என்று ஒரு கட்சி உண்டு. 2011ல் 16 பெண்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது அந்தக் கண் பரீட்சையில் மதிப்பெண் குறைந்தது என்று செய்தி வந்தது. 2019ல் 643 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதை அத்தோடு விட்டுவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2001ல் அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கிளைன், ஹாட்ஜஸ் என்ற இருவர் செய்தது. ஒரு பெண் தன் கஷ்டத்தைச் சொல்லும் வீடியோவைப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் மனசில் என்ன ஓடியது என்று எழுதச் சொன்னார்கள். அந்தப் பெண் நிஜமாக என்ன நினைத்தார் என்பதும் கையில் இருந்தது, ஒப்பிட்டு மார்க் போட்டார்கள். ஒரு கட்டத்தில், சரியாகச் சொன்னால் பணம் என்றார்கள். அவ்வளவுதான், இரண்டு தரப்பாருமே முன்னேறினார்கள், ஆண் பெண் வித்தியாசம் மறைந்துவிட்டது. பணத்துக்காக ஒரே நாளில் புது நியூரான் முளைத்திருக்காது. முடியாமல் இருந்ததில்லை, அதுவரை முனையவில்லை. வராது என்பது வேறு, வர வைக்க அவசியம் இருந்ததில்லை என்பது வேறு.

2006ல் நான் முன்னே சொன்ன டானியா சிங்கர் இன்னொன்று செய்தார். 16 ஆண், 16 பெண். பண விளையாட்டில் நேர்மையாக ஆடிய ஒருவர், ஏமாற்றிய ஒருவர். பிறகு இருவருக்கும் வலி. நேர்மையாக ஆடியவருக்கு வலித்தபோது ஆண், பெண் இரு பாலார் மூளையிலும் வலிப் பகுதி இயங்கியது. ஏமாற்றியவருக்கு வலித்தபோது பெண்களிடம் பெரிதாகக் குறையவில்லை, ஆண்களிடம் நன்றாகக் குறைந்தது. கணக்கு தீர்த்துக்கொள்ளும் திருப்திகூடத் தெரிந்தது. சின்னச் சோதனைதான், 32 பேர். ஆனாலும் யோசிக்க வைக்கிறது. ஆண்களிடம் சென்சார் இல்லை என்று இது காட்டவில்லை. சென்சார் இருக்கிறது, அதன்மேல் ஒரு இன்டர்லாக் போட்டிருக்கிறது. யாருக்காக இளகலாம், யாருக்காகக் கூடாது என்று.

அந்த இன்டர்லாக் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம கடற்கரையே சாட்சி. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் தார் மாதிரி ஒதுங்கிய அந்த எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். பாதிப் பேருக்குக் கையுறை சரியாக இல்லை. அங்கே நின்ற இளைஞர்களிடம் போய் "உங்களுக்கு அந்த மனசு வராது" என்று சொல்லியிருக்க முடியுமா? காசிமேட்டில் ஒரு படகு திரும்பவில்லை என்றால் மற்றப் படகுக்காரர்கள் பிழைப்பை விட்டுவிட்டுத் தேடிப் போவார்கள். டீசல் காசு யார் கொடுப்பார் என்று அப்போது யாரும் கேட்பதில்லை.

காசிமேடு என்றதும் இன்னொன்று. மனசைப் படிப்பது வேறு, மனசு இளகுவது வேறு என்பதற்கு அங்கே மீன் விற்கும் ஆயாமார்களை மிஞ்சிய உதாரணம் கிடையாது. நீங்கள் கூடைப் பக்கம் போவதற்குள்ளே, நீங்கள் வாங்குகிற ஆளா வேடிக்கை பார்க்கிற ஆளா, வீட்டில் விருந்தாளியா, பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று அத்தனையும் முகத்தில் படித்துவிடுவார்கள். கண் பரீட்சையில் அவர்களுக்கு நூற்றுக்கு நூறு. அதற்காக வஞ்சிரத்துக்கு நூறு ரூபாய் குறைப்பார்களா? "இன்னா சார், காலங்காத்தால வந்துட்டே" என்று விரட்டிவிடுவார்கள். பெண், மனசைப் படிக்கத் தெரியும், ஆகவே இளகுவார் என்று கணக்குப் போட்டு அங்கே போனால் கையில் சங்கரா மீன்தான் மிஞ்சும். (சிரிப்பு)

நம் மொழியில் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது. கண்ணோட்டம். திருவள்ளுவர் அந்தப் பெயரில் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், 58வது அதிகாரம். அதை அவர் எங்கே வைத்தார் என்று பாருங்கள். இல்லறவியலில், மனைவிக்குச் சொல்லும் இடத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில், நாட்டை ஆளுகிறவனுக்கு வேண்டிய தகுதிகளோடு சேர்த்து வைத்தார். ஒற்றாடலுக்கு முந்திய அதிகாரம் அதுதான். நிர்வாகிக்கு உளவு எப்படி வேலையோ அப்படியே இரக்கமும் வேலை. ராஜாவுக்கு அதெல்லாம் வராது என்று அவர் விட்டுவிடவில்லை.

தோழியின் கதைக்கு வருகிறேன். நான் படித்ததை எல்லாம் அவருக்கு அனுப்பினேன். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். விஞ்ஞானத்தை வைத்து மேலதிகாரியோடு சண்டை போடவில்லை. ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். இனி விபத்து நடந்தால் வீட்டுக்கு இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர், அந்த ஷிப்டில் அடிபட்டவரோடு வேலை பார்த்த இன்ஜினியரோ சூப்பர்வைசரோ. இன்னொருவர், இ.எஸ்.ஐ., பி.எப். விவரம் தெரிந்தவர். முறை வைத்து எல்லாரும் பட்டியலில். போகிற அன்றைக்கு அவர்களுக்கு வேறு டூட்டி கிடையாது, போனது ரெக்கார்டில் ஏறும்.

இந்த இரண்டாவது ஆள் ஏன் என்று கேட்பீர்கள். வேலையில் இறந்துபோன இ.எஸ்.ஐ. தொழிலாளியின் குடும்பத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் பங்கிட்டுக் கிடைக்க வேண்டும். பி.எப்.போடு சேர்ந்த இன்சூரன்சில் 7 லட்சம் ரூபாய் வரை வரும். காண்ட்ராக்ட் தொழிலாளி வீட்டில் இது பலருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தால் மட்டும் அவர்களுக்கு அரிசி வேகாது.

குறிப்பு ஆறு மாதம் பைலில் தூங்கியது. பிறகு ஒரு புது மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை விபத்து நடந்தபோது, முறை விழுந்தது ஒரு பாய்லர் ஷிப்ட் இன்சார்ஜுக்கு. திருவொற்றியூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பிளான்ட்டில் எல்லாரும் அவரைக் கண்டால் ஒதுங்குவார்கள், அவ்வளவு முரடு. "என்னால முடியாதும்மா, எனக்கு இதெல்லாம் வராது, நீயே போய்ட்டு வந்துடும்மா" என்று தோழியிடம் வந்து நின்றாராம். இவர், "அண்ணே, நீங்க பேசவே வேணாம், போய் உட்காருங்க போதும்" என்று அனுப்பிவிட்டார்.

எர்ணாவூரில் ஒரு சின்ன வீடு. போனவர் சொன்னபடியே பேசவில்லை, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கூடப் போனவர்தான் விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, இறந்த பையனின் அப்பா வந்து இவரிடம் கேட்டாராம்: "சார், என் புள்ள கடைசியா ஏதாவது சாப்ட்டானா?"

அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. காலை எட்டு மணிக்கு இவர் கொண்டுபோன எலுமிச்சம் சாதத்தில் பாதியை அந்தப் பையன்தான் சாப்பிட்டான். மிளகாய் வத்தல் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதைச் சொன்னார். அந்தப் பெரியவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாராம். மூன்று மணி நேரம் அவர் அங்கேயே இருந்திருக்கிறார்.

நம் தோழி எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருக்காது. அவர் அந்தப் பையனோடு சாப்பிட்டவர் இல்லை.

அந்தப் பட்டியலில் இப்போது 14 பேர். 2 பேர் பெண்கள், 12 பேர் ஆண்கள். தோழிக்கும் முறை வரும், வரும்போது போகிறார். சென்ற வருஷம் ஷட்டவுனில் ஒரு முழு யூனிட் அவர் பொறுப்பில் நடந்தது.

இந்த அரங்கில் துறைமுகத்தில், அனல் மின் நிலையங்களில், மணலியில், அம்பத்தூரில் டிபார்ட்மென்டுக்குத் தலைவர்களாக இருப்பவர்கள் ஒரு நாற்பது பேராவது இருப்பீர்கள். அந்த ஒரு பக்கக் குறிப்பைத் தோழியின் அனுமதியோடு, பெயர்களை எடுத்துவிட்டு, நகல் எடுத்துக் கொண்டு வந்திருக்கிறேன். செயலாளர் மேசையில் இருக்கிறது. 50 நகல்தான் எடுத்தேன், தீர்ந்துவிட்டால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன். இ.எஸ்.ஐ. பேப்பர்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், 1998 பேட்ச் அண்ணன் ஒருவர் அந்தத் துறையில் இருக்கிறார், சாப்பாட்டு வேளையில் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சால்வையைச் செயலாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அடுத்த வருஷம் பட்டிமன்றத்துக்கு ஆகும்.